அட்சுவின் பதினைந்து காலடி

லாவிகோப்பே
1987 ஏப்ரல் 22

எட்சே அண்ணனுக்கு,

தங்கச்சி டோசி சொல்லச் சொல்ல, ரெஜினா டீச்சர் எழுதறாங்க. நீ சௌக்கியமான்னு கேக்கப் போறதில்ல. சௌக்கியமா இருந்தா ஒரு வரி போட்டிருப்ப, இல்லேன்னாலும் ஒரு வரி போட்டிருப்ப. ரெண்டும் இல்லாம ஏழு மாசம் ஓடிப்போச்சு. லாரி ஓட்டற கோம்லாதான் சொன்னான், நீ அபிஜான்ல ரொட்டிக்கடையில மாவு பிசையறேன்னு. வலை இழுத்த கை மாவு பிசையுதான்னு சிரிச்சேன். அப்புறம் கொஞ்சம் அழுதேன். அழுததை எழுதாதீங்க டீச்சர்னேன், எழுதிட்டாங்க.

விஷயத்துக்கு வரேன். நேத்து, கடலை மறிக்க வருஷா வருஷம் எழுப்பற மணல் கரைக்குப் பங்கு அளந்தாங்க. ஊர்ல மூத்த ஆளு காலாலதான அளக்கணும், இந்த வருஷம் தலைவரு தோக்பி ஹோர்லுவே அளந்தாரு. அவரு முட்டி இப்ப சரியில்ல. நடை கோழி நடை மாதிரி ஆயிடுச்சு. அவர் காலடி சின்னதாப் போக, எல்லார் பங்கும் சுருங்கி, கடைசியில எட்டு காலடி யாருக்கும் இல்லாம அனாதையா நின்னுச்சு. "கடலு நீளமாயிடுச்சா?"ன்னாரு. "இல்ல தோக்பி, நீங்க கட்டையாயிட்டீங்க"ன்னான் க்வாவுகுமே. அவனுக்குத்தான் அந்த எட்டையும் தள்ளி விட்டாரு. வாய்க்கொழுப்பு.

நம்ம வீட்டுக்கு முப்பது. கிழக்க பதினஞ்சு உன் ரெட்டை அட்சுவோடது, மேக்க பதினஞ்சு உன்னோடது. அதுல மாத்தமில்ல. மணலை யாரு வேணாலும் சுமக்கலாம், மிதிக்கறது வீட்டுக் காலுதான் மிதிக்கணும். இருக்கறது என் கால் ரெண்டு. ஜூன் கடைசிச் சனிக்கிழமைக்குள்ள முப்பதும் நிக்கலேன்னா ரெண்டு பக்கத்துக்காரங்களும் அவங்க கரை முனையை உள்ளாற மடக்கிக்குவாங்க. நம்ம வீடு கரைக்கு வெளிய, கடல் பக்கம் நிக்கும். அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது. போன வருஷம் நண்டு வளையால அட்சு பங்கு உடைஞ்சதுல அவனும் போனான், நாலு வீடும் போச்சு.

அட்சுவோட பொம்மையை நீ விட்டுட்டுப் போயிட்ட. ரெட்டையில ஒருத்தன் போனா மத்தவன்தான மரத்துல செஞ்சு, கூடவே வச்சு, குளிப்பாட்டி, சோறு வைக்கணும்? நான் பாத்துக்கறேன். வெண்டைக்காய் குழம்பும் களியும் வைக்கறேன். க்வாவுகுமே ஆடு வந்து நக்கிட்டுப் போயிடுது. "உன் பங்கைத்தான் நண்டு தின்ன விட்ட, சோத்தை ஆடு தின்ன விடறியாடா சோம்பேறி"ன்னு தினமும் திட்டறேன். பதில் சொல்ல மாட்டான், தெரியும்ல. ஒண்ணு மட்டும் புரியல. ராத்திரி துடைச்சு வைக்கறேன், காலையில பாத்தா கால்ல ஈர மணலு.

அடக்கத்தன்னிக்கு நான் சொன்ன வார்த்தையை நீ மனசுல வச்சிருக்க. உன் கையில இருந்த ஓலை நனையவே இல்லையேன்னு சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. ஆனா நனையலதான்.

வா அண்ணே. பின்னாடி நிக்கிற தென்னை வேற போன வருஷத்துலேர்ந்து சாய்ஞ்சுக்கிட்டே வருது.

டோசி


அபிஜான்
1987 மே 5

அன்புத் தங்கை டோசிக்கு,

கடிதம் வந்தது. இங்கே எனக்குக் குறையில்லை. விடியுமுன் அடுப்பு மூட்டுகிறேன், மதியம் தூங்குகிறேன். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற தெரு இது. அதனால்தான் இங்கே அறை எடுத்தேன்.

வீட்டை விட்டுவிடு. ஹோ ஊரில் நம் அம்மாவின் தம்பி இருக்கிறார். அங்கே மலையும் மண்ணும்தான், மணல் கிடையாது. அம்மாவின் பெட்டி, தகரக் கூரை, கதவு, இவற்றைக் கழற்றி எடுத்துக்கொண்டு போ. சுவரைக் கடல் எடுத்துக்கொள்ளட்டும். எங்கள் இருவர் பங்கையும் ஒரு பெண் கால் மிதித்து எழுப்ப முடியாது. முயன்று இடுப்பை ஒடித்துக்கொள்ளாதே.

பொம்மையைப் பற்றி எழுதாதே. அது மரம். காலில் மணல் இருந்தால் காற்று கொண்டுவந்திருக்கும்.

நண்டு வளையைப் பற்றியும் இனி பேசாதே. செத்தவனைத் திட்டி என்ன ஆகப்போகிறது?

எட்சே

அவனுக்கு எந்தத் துணி கட்டியிருக்கிறாய்? நீலம் என்றால் மாற்றிவிடு. அவனுக்கு நீலம் பிடிக்காது.


லாவிகோப்பே
1987 மே 17

எட்சே அண்ணனுக்கு,

நீலம்தான் கட்டியிருந்தேன். மாத்திட்டேன். மரத்துக்கு என்ன நிறம் பிடிக்கும்னு உனக்கு எப்படித் தெரியும்னு நான் கேக்கல, டீச்சர்தான் கேட்டாங்க.

ஹோவுக்கு நான் போக மாட்டேன். ஹோக்காரி ஒருத்தி நம்ம ஊருக்கு வாக்கப்பட்டு வந்தாளே, ஞாபகம் இருக்கா? வந்த மறுநாள் வாசல்ல மணலா இருக்கேன்னு மணல் கரையைத் தொடப்பத்தால கூட்டி, காயல் பக்கம் அள்ளிப் போட்டா. மாமியாக்காரி நெஞ்சுல அடிச்சுக்கிட்டா. அந்த ஊர்ல போய் நான் யார்கிட்ட என்ன பேசுவேன்? கடல் சத்தம் இல்லேன்னா எனக்குத் தூக்கம் வராது. கடல் சத்தம் கேட்டாலும் இப்ப வரல, அது வேற.

அட்சு பங்குலேர்ந்து ஆரம்பிச்சேன். கடல் வத்தும்போது அலை நக்கிட்டுப் போன எடத்துல ஈரமணல் அள்ளி, இரும்புச் சட்டியில சுமந்து, ஓலை பரப்பி, மேல மணல் கொட்டி, மிதிச்சு, திரும்ப ஓலை. டீச்சரும் சுமந்தாங்க. ஒரு நாளைக்கு ஒரு முழம் கூட ஏறாதுன்னு நெனச்சேன். ஆனா கேளு. சாயங்காலம் நான் கொட்டிட்டு, மிதிக்கத் தெம்பில்லாம அப்படியே விட்டுட்டு வரேன். காலையில போனா மிதிச்சுக் கெடக்கு. கல்லு மாதிரி இருக்கு. மேல காலடி. எடது கால் உள்பக்கம் திரும்பின காலடி.

தென்னையிலேர்ந்து விழுந்ததுக்கு அப்புறம் எடது காலை அப்படி வச்சு நடந்தது நம்ம குடும்பத்துல யாருன்னு உனக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. உங்க ரெண்டு பேரையும் அம்மாவே அந்தக் காலை வச்சுத்தான் அடையாளம் கண்டுபிடிப்பா.

க்வாவுகுமே பாத்துட்டு மொதல்ல சிரிச்சான். "என்ன டோசி, நொண்டியைக் கூலிக்கு வச்சிருக்கியா?"ன்னான். அப்புறம் குனிஞ்சு பாத்தான். சிரிக்கல. ஆட்டை இழுத்துக் கட்டிட்டான், மூணு நாளா அவிழ்க்கல.

அட்சு பங்கு நெஞ்சு ஒயரம் வந்துடுச்சு, அடப்பங்கொடி கூட நட்டுட்டேன். உன் பங்குதான் நிக்க மாட்டேங்குது. அதே மணலு, அதே ஓலை, அதே காலு. ராத்திரியோட ராத்திரியா அடியிலேர்ந்து உக்காந்து போவுது, பல்லு விழுந்த வாய் மாதிரி. நாலு தடவை எழுப்பிட்டேன். ஊர்ல பேசிக்கறாங்க, செத்தவன் தன் பங்குக்கு வந்து நிக்கறான், உசுரோட இருக்கறவன் வரலன்னு.

பொம்மை கால்ல விரல் நுனி தேய்ஞ்சிருக்கு. மரம் தேயுமா அண்ணே, சும்மா நின்னா?

அன்னிக்கு என்ன நடந்துச்சு? நண்டு வளைன்னு நீ சொன்ன, ஊர் நம்புச்சு, நான் நம்பினேன். கரையை ஒழுங்காக் காக்காதவன்னு அவனுக்குப் பறை கூட அடிக்கல, கரைக்கு வெளிய மணல்ல புதைச்சாங்க. இப்ப பாத்தா அவன் பங்குதான் நிக்குது.

சொல்லு.

டோசி


அபிஜான்
1987 ஜூன் 1

டோசி,

நீ தனியாக இருக்கும்போது இதை வாசிக்கச் சொல். ரெஜினா டீச்சரைத் தவிர யாரும் வேண்டாம்.

உடைந்தது என் பங்கு.

போன வருடம் கரை எழுப்பும் நேரத்தில் நெத்தலி வந்திருந்தது, நினைவிருக்கிறதா? கரைவலைக்கூட்டம் ஆள் தேடியது. நான் ஒன்பது நாள் அவர்களோடு போய்விட்டேன். திரும்பி வந்தபோது அளவு பார்க்க ஒரு நாள்தான் மீதி. கடற்கரையிலிருந்து ஈரமணல் சுமக்க நேரமில்லை. வீட்டுக்குப் பின்னால், தென்னையடியில் தோண்டினேன். எங்கள் இருவர் தொப்புள்கொடியும் புதைத்த தென்னை. அங்கிருந்து உலர்ந்த மணலை அள்ளி என் பதினைந்து காலடியையும் நிரப்பினேன். மேலே ஒரு சாண் மட்டும் ஈரமணல் பூசி மிதித்தேன். குழியை ஓலை போட்டு மூடி மணல் தூவினேன். தோக்பி வந்து கைத்தடியால் தட்டிப் பார்த்து, "நல்லா மிதிச்சிருக்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அட்சுவுக்கு மட்டும் தெரியும். அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஜூன் முழுக்க, ஜூலை முழுக்க, தன் பங்கைப் பார்த்துவிட்டு என் பங்கையும் வந்து மிதிப்பான். உலர்ந்த மணலை மிதித்து என்ன பயன்? அவனுக்கும் அது தெரியும்.

செப்டம்பரில் அன்று நண்பகல், கரை என் பக்கம் தண்ணீர் கசிந்து வியர்க்க ஆரம்பித்தது. அட்சு போய் அதற்கு முதுகைக் கொடுத்து நின்றான். "நான் கனமானவன், நான் நிக்கறேன். நீ ஓடிப்போய் ஓலை எடுத்துட்டு வா" என்றான். போனேன். எடுத்தேன். திரும்பினேன். வாசல்வரை வந்தேன். அவன் என்னைப் பார்த்துக் கையசைத்தான். இருபது காலடி தூரம் இருக்கும். அலை அவன் தலைக்குமேல் எழும்புவதைப் பார்த்தேன். என் கால் நகரவில்லை, டோசி. ஓலை நனையாததற்கு அதுதான் காரணம்.

மறுநாள் மணல் எல்லாம் ஒன்றாகக் கிடந்தது. எது யார் பங்கு என்று தெரியவில்லை. யார் பங்கு என்று கேட்டார்கள். நண்டு வளை, அட்சு பங்கு என்று என் வாய் சொல்லிவிட்டது. செத்தவன் மறுக்க மாட்டான் என்று நினைத்தேன்.

தென்னையடிக் குழியை ஈரமணலால் நிரப்பி மிதிக்காத வரை என் பங்கு நிற்காது. அதன் வழியாகத்தான் தண்ணீர் அடியில் வருகிறது.

எட்சே


லாவிகோப்பே
1987 ஜூன் 12

எட்சே,

டீச்சர் பாதியில வாசிக்கறதை நிறுத்திட்டாங்க. வாசிங்கன்னேன். முழுசும் வாசிச்சாங்க.

ஒன்பது மாசமா நான் அவனை சோம்பேறின்னு திட்டினேன். ஒவ்வொரு நாளும். முகத்தைப் பாத்து.

பொம்மை முன்னாடி உக்காந்து உன் கடுதாசியில இருந்ததைச் சொன்னேன். அவனுக்குத் தெரிஞ்சதைத்தான அவன்கிட்டயே சொல்றேன்னு பாதியில நிறுத்திட்டேன்.

மேக்கத்துக்காரங்க முனையை மடக்க மொளைக்குச்சி அடிச்சுட்டாங்க. ஜூன் இருபத்தேழு சனிக்கிழமை. வீட்டுக்காக உன்னைக் கூப்பிடல. நான் உள்ள உக்காந்துக்கறேன், வர்றது வரட்டும். நீ வந்து, ஊர் கூடி நிக்கும்போது, உடைஞ்சது யார் பங்குன்னு உன் வாயால சொல்லணும். நான் சொன்னா தங்கச்சி சொல்றான்னு போயிடும். டீச்சர் சொன்னா படிச்சவ சொல்றான்னு போயிடும்.

குழியை நான் தொடல. அது உன் குழி.

டோசி


லாவிகோப்பே
1987 ஜூலை 3

எட்சே அண்ணனுக்கு,

சொல்லாம கொள்ளாம போயிட்டியே. இதை நான் எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியாம நாலு நாளா டீச்சரை வரச்சொல்லி, வரச்சொல்லி, திருப்பி அனுப்பிட்டேன். இருந்தாலும் நடந்ததை நடந்த வரிசையில சொல்றேன், அப்புறமா ஒண்ணு கேக்கறேன்.

வியாழக்கிழமை காலையில நான் சட்டியை எடுத்துக்கிட்டு போனா, தென்னையடியில நீ நிக்கற. இடுப்பு வரைக்கும் குழியில. ஓலையெல்லாம் தூக்கி எறிஞ்சு கெடக்கு. "அண்ணே"ன்னேன். தலையை ஆட்டின. எனக்குக் கோபமா வருதா சந்தோஷமா வருதான்னு தெரியல, அதனால, "ரொட்டிக்கடையில சோறு போடலையா, எலும்பாப் போயிட்ட"ன்னேன். நீ சிரிக்கல. சட்டியை மட்டும் கை நீட்டி வாங்கின.

மூணு நாளு. நான் சுமந்தேன், டீச்சர் சுமந்தாங்க, வெள்ளிக்கிழமை க்வாவுகுமேயும் வந்து சுமந்தான். வாயை மூடிக்கிட்டு சுமந்தான், அதுவே ஒரு அதிசயம். மிதிச்சது நீ மட்டும். குழி நெறஞ்சுது, உன் பதினஞ்சும் ஏறுச்சு, ஒரு பிடி கூட உக்காரல. நீ வீட்டுக்குள்ள வரல. உன் தட்டுல வச்ச களி வச்சபடியே இருந்துச்சு. பொம்மை முன்னாடி வச்சது மட்டும் துடைச்ச மாதிரி காலியாச்சு. ஆட்டைத் திட்டலாம்னு போனா, அது கட்டிக் கெடக்கு.

சனிக்கிழமை தோக்பி கைத்தடியால தட்டிப் பாத்தாரு. "நிக்குது"ன்னாரு. அப்ப நீ மொத மொத வாயைத் திறந்த. எல்லார் காதுலயும் விழுற மாதிரி சொன்ன: "போன வருஷம் உடைஞ்சது எட்சே பங்கு. காஞ்ச மணலு. அட்சு பங்கு உடையல." அவ்வளவுதான். நான் செஞ்சேன்னு சொல்லல, எட்சேன்னு சொன்ன. வெக்கத்துல அப்படிச் சொல்றான்னு ஊர் நெனச்சுது. தோக்பி அழுதுட்டாரு. அவரும் தட்டிப் பாத்து ஏமாந்தவருதான. சாயங்காலமே அட்சுவுக்குப் பறை அடிச்சாங்க. கரைக்கு உள்ளாற எடுத்து மறுபடி அடக்கம் பண்ணினாங்க. நீ எங்கன்னு தேடினோம். காணோம்.

மறுநாள் கடல் பொங்குச்சு. கரை நின்னுச்சு. வீடு இருக்கு.

இப்ப கேக்கறேன். மூணு நாளும் உன் பின்னாடி சட்டி தூக்கிக்கிட்டு நடந்தேன். உன் காலடியில காலை வச்சு நடந்தேன். எடது கால் உள்பக்கம் திரும்பியிருந்துச்சு. அபிஜான்ல எங்கயாவது விழுந்து காலை முறிச்சுக்கிட்டியா? அப்படித்தான்னு எழுதினா நான் நம்பிடறேன். சத்தியமா நம்பிடறேன்.

நீ வந்தியா? ஆமாவா இல்லையா, அதை மட்டும் எழுது.

டோசி


லோமே
1987 ஜூலை 14

டோசி,

இல்லை.

உன் ஜூன் கடிதம் கிடைத்ததும் புறப்பட்டேன். அது உண்மை. லோமேவரை வந்தேன். கடற்கரைச் சந்தைக்குப் பின்னால் ஓர் அறை. அங்கிருந்து லாவிகோப்பேவுக்கு லாரியில் அரை நாள். வியாழன் காலை லாரி நிற்கும் இடத்துக்குப் போனேன், திரும்பினேன். வெள்ளி போனேன், திரும்பினேன். சனிக்கிழமை ஏறி உட்கார்ந்தே விட்டேன். கோம்லா வண்டியைக் கிளப்பும்போது இறங்கிவிட்டேன். வேண்டுமானால் அவனைக் கேட்டுப் பார். அன்றைக்கு வாசலில் நின்ற அதே கால்கள்தான், வேறு கால்கள் எனக்கு இல்லை. அவை நேராகத்தான் இருக்கின்றன. நான் எங்கும் விழவில்லை.

அந்த மூன்று நாளும் என் அறைத் தரையில் ஈரமணல் இருந்தது. பெருக்கினேன், மறுபடி இருந்தது. சனிக்கிழமை சாயங்காலத்துக்குப் பிறகு இல்லை.

உன் கடிதத்தைக் கோம்லாதான் கொண்டுவந்து கொடுத்தான். "டேய், சனிக்கிழமை என் லாரியிலேர்ந்து இறங்கின, நான் ஊருக்குப் போனா அங்க நீ கரையில நிக்கற, எனக்கு முன்னாடி எப்படிப் போய்ச் சேந்த?" என்று கேட்டான்.

உயிரோடு இருந்தபோது என் பங்குக்கு முதுகைக் கொடுத்தான். செத்த பிறகும் என் பங்கை அவனே மிதித்தான். என் பெயரை அவனே சொன்னான். செய்வதற்கு எனக்கென்று அவன் எதையுமே மிச்சம் வைக்கவில்லை. இனி நான் எதற்கு அங்கே வர வேண்டும்?

எட்சே


லாவிகோப்பே
1987 ஜூலை 22

எட்சே,

இதை நானே எழுதறேன். டீச்சர் எழுத்தைச் சொல்லிக் குடுத்தாங்க. கோணலா இருந்தா பொறுத்துக்கோ.

எதுக்கு வரணும்னு கேட்ட. பொம்மையை இன்னிக்குக் குளிப்பாட்டினேன். காலு இல்ல. கணுக்கால் வரைக்கும் தேஞ்சுபோச்சு. தச்சன்கிட்ட கேட்டேன், புதுக் கால் வைக்க முடியாதுங்கறான். நிக்க வச்சா விழறான். சுவத்துல சாத்தி வச்சிருக்கேன்.

அக்டோபர்ல கரையைக் கலைக்கணும். கரைவலை இழுக்க எடம் வேணும், மணலைக் கடலுக்கே திருப்பிக் குடுக்கணும். கலைக்கறதுக்கும் வீட்டுக் காலுதான் வேணும். தோக்பிகிட்ட சொல்லிட்டேன், எட்சே வந்து கலைப்பான்னு. இந்தத் தடவை அட்சுவுக்கு முடியாது. நடக்க அவனுக்குக் கால் இல்ல.

அவன் பதினஞ்சை நீ கலை. உன் பதினஞ்சையும் நீதான் கலைக்கணும். அப்புறம் அவனைத் தூக்கி முதுகுல கட்டிக்கோ, எங்க வேணா போ.

வாசல்ல நின்னுடாத. வாசலைத் தாண்டினா இருபது காலடிதான். அவனை வாசலுக்கு நேரா சாத்தி வச்சிருக்கேன், நீ வர்ற வழியைப் பாத்துக்கிட்டு.

டோசி